கூண்டுக்குப் பக்கத்தில் நிறுத்து, தாயி

தாயி,

அப்பா எழுதுகிறேன். போன் இருக்கும்போது இவ்வளவு நீளத்துக்கு எதற்கு எழுதுகிறார் என்று நினைப்பாய். போனில் நான் பேச ஆரம்பித்தால் பாதியில் உங்க அம்மா வாங்கிக்கொள்கிறாள், இல்லையென்றால் சின்னவள் அழுகிறாள் என்று நீ வைத்துவிடுகிறாய். அதனால் நானே வாட்ஸ்அப்பில் தட்டி அனுப்புகிறேன். தம்பியிடம் காட்டவில்லை. பிள்ளைகள் தூங்கின பிறகு படி.

இங்கே எல்லோரும் சுகம். ஆடிக் காற்று போட்டு அடிக்கிறது, எத்தனை தடவை கூட்டினாலும் வீட்டுக்குள் மணல். தடைக்காலம் முடிந்து மாமா கடலுக்குப் போய்வருகிறார், இந்தத் தடவை இறால் பரவாயில்லை என்றார். ஏப்ரலில் பாம்பன் புதுப் பாலம் திறந்ததிலிருந்து ரயில் போவதைப் பார்க்க ரோட்டுப் பாலத்தில் வண்டியை நிறுத்திவிட்டு ஆட்கள் நிற்கிறார்கள். அது கிடக்கட்டும்.

அந்த டிராலி விஷயம்தான். அமெரிக்காவில் கடைச் சாமானை வைத்துத் தள்ளுகிற வண்டியை நீ கார்ட் என்கிறாய், எனக்கு அது டிராலிதான்.

அன்றைக்கு நீ சொன்னதை நான் திரும்பத் திரும்ப நினைத்துப் பார்த்தேன். சனிக்கிழமை, கடையில் கூட்டம், கார் நிறுத்தக் கடைசி வரிசையில்தான் இடம். பிள்ளைகள் இரண்டு பேரையும் சீட்டில் வைத்து பெல்ட் போட்டாய், அரிசியையும் பாலையும் பின்னால் ஏற்றினாய், டிராலியின் முன் சக்கரத்தைப் புல்வெளி ஓரத்தில் ஏற்றிவிட்டு வந்து உட்கார்ந்தாய். அப்போது பக்கத்து வண்டிக்காரன் ஹாரன் அடித்து, கண்ணாடியை இறக்கி, சோம்பேறி என்று உன்னைக் கத்தினான். இதை நீ சிரித்துக்கொண்டேதான் சொன்னாய். சிரிப்பு மாதிரிதான் கேட்டது.

இனிமேல் இப்படிச் செய். போகும்போதே வாசலுக்குப் பக்கத்தில் இடம் தேடாதே, டிராலி விடுகிற கூண்டு எங்கே இருக்கிறதோ அதை ஒட்டி நிறுத்து. கடை வாசல் தூரமாக இருந்தாலும் பரவாயில்லை. இறங்கினவுடன் கூண்டிலேயே ஒரு டிராலியை எடுத்து, காரிலிருந்து நேராகச் சின்னவளை அதில் உட்கார வைத்துவிடலாம், அந்தக் கார்கள் பின்னால் வருகிற இடத்தில் இரண்டு பேரையும் நடத்திக் கூட்டிப்போக வேண்டியதில்லை. திரும்பி வரும்போது முதலில் சாமானை ஏற்று. பிள்ளைகள் டிராலியிலேயே இருக்கட்டும், அந்தச் சின்ன பெல்ட்டை மட்டும் அவிழ்க்காதே, மூத்தவனை எழுந்து நிற்க விடாதே. கடைசியில் கூண்டுக்குத் தள்ளிக்கொண்டு போய், சின்னவளை இடுப்பில் தூக்கி, பெரியவன் கையைப் பிடித்து, பத்து எட்டு வைத்தால் கார். பிள்ளைகளைக் காருக்குள் விட்டுவிட்டு டிராலியைக் கொண்டுபோகிற வேலையே இல்லை.

விடவும் கூடாது. வெயிலில் நிற்கிற காருக்குள் 10 நிமிடத்தில் 10 டிகிரி ஏறிவிடும், கண்ணாடியைக் கொஞ்சம் இறக்கி வைத்தாலும் பெரிய பிரயோஜனம் இல்லை. டெக்சாஸில் ஏழு வயதுக்குக் கீழே உள்ள பிள்ளையைப் பதினாலு வயதாவது ஆன ஒருவர் துணை இல்லாமல் காரில் ஐந்து நிமிடத்துக்கு மேல் விட்டால் குற்றம் என்று, 2024ல் நாங்கள் வந்திருந்தபோது நீதானே சொன்னாய். அன்றைக்கு நீ டிராலியை விட்டுவிட்டு வந்ததற்கும் அதுதான் காரணம் என்று எனக்கு இரண்டு நாள் கழித்துத்தான் புரிந்தது. கூண்டு அந்தக் கோடியில், பிள்ளைகள் இந்தக் கோடியில். போய்த் திரும்ப நாலு நிமிடமாவது ஆகும். நீ சோம்பேறி இல்லை. எட்டாம் வகுப்பில் காய்ச்சலோடு பஸ் ஏறி ராமநாதபுரம் போய்ப் பரீட்சை எழுதினவள் நீ. காரைக்குடி அழகப்பாவில் சீட் கிடைத்தபோது இந்தத் தெருவே வந்து நின்றது. இப்போது தனி ஆளாக எட்டு லேன் ரோட்டில் கார் ஓட்டுகிறாய், உன் பக்கத்தில் உட்கார்ந்து வரும்போது எனக்கு அவ்வளவு பெருமையாக இருந்தது, சொல்லவில்லை.

ஆனாலும் கூண்டுக்குப் பக்கத்தில் நிறுத்து. காற்று அடித்தால் காலி டிராலி தானாக உருளும். மணிக்கு 58 கிலோமீட்டருக்கு மேல் காற்று அடித்தால் பழைய பாலத்தில் ரயில் ஓடின காலத்தில் ரயிலை விடவே மாட்டார்கள், காற்று என்னவெல்லாம் செய்யும் என்று நான் பார்த்தவன். யார் கார் மேலாவது மோதும், இல்லையென்றால் சக்கர நாற்காலிக்காரர்களுக்கு விட்ட இடத்தில் போய் மறித்துக்கொண்டு நிற்கும். கூண்டுப் பக்கம் இடம் இல்லையா, கடைக்குள் போகிற யாரிடமாவது "இந்தாங்க" என்று கொடுத்துவிடு, சந்தோஷமாக வாங்கிக்கொள்வார்கள். கேட்பதற்குக் கூச்சப்படாதே. நீ சின்னதிலிருந்தே யாரிடமும் எதையும் கேட்க மாட்டாய். எனக்கு அதில் கோபமும் உண்டு.

ஆல்டி கடை ஞாபகம் இருக்கிறதா? 25 சென்ட் காசைச் சொருகினால்தான் சங்கிலி விடும், திரும்பக் கொண்டுபோய்ச் சொருகினால் காசு வெளியே வரும். அந்தக் காசை எடுப்பதற்காகவே உன் மகன் என்னை இழுத்துக்கொண்டு ஓடுவான். இருந்த அஞ்சு மாதமும் டிராலி விடுகிற வேலை எனக்கும் அவனுக்கும்தான். நான் ரயில்வேயில் வேலை பார்த்தபோது ஆபீசரை உட்கார வைத்துத் தண்டவாளத்தில் தள்ளிக்கொண்டு போன டிராலியையும் வேலை முடிந்ததும் சங்கிலி போட்டுப் பூட்டித்தான் வைப்போம் என்று அவனிடம் சொன்னேன். நாலு பேர் சேர்ந்து லைனிலிருந்து தூக்கி ஓரமாக வைப்போம், அதன் பிறகுதான் ரயில் வரும் என்றேன். வைக்காவிட்டால் என்ன ஆகும் தாத்தா என்று கேட்டான். நான் பதில் சொல்லவில்லை. நீ இப்போது தனியாகக் கடைக்குப் போகும்போது அவனையே தள்ளச் சொல்லு, ஒரு கையை நீயும் வைத்துக்கொள்.

பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு அலைவதற்கு ஆர்டர் போட்டுவிடலாமே, காரிலேயே கொண்டுவந்து ஏற்றிவிடுகிறார்களே என்று எழுத வந்தேன். எழுதிவிட்டு அழித்தேன். வீட்டை விட்டு வெளியே வர உனக்கு அந்த ஒரு கடைதான் காரணமாக இருக்கிறதென்றால் நீ போய்வா. நான் அதை வேண்டாம் என்று சொல்ல மாட்டேன்.

அப்புறம் ஒன்று. அன்றைக்கு நீ அதைச் சொல்லி முடித்ததும் நான் என்ன சொன்னேன்? "அவன் சொன்னதிலும் தப்பில்லையே தாயி, எடுத்த பொருளை எடுத்த இடத்துல வைக்கணும்ல." அதுதான் சொன்னேன். நீ "சரிப்பா, வைக்கிறேன்" என்றாய். அதோடு மூன்று சனிக்கிழமை ஆகிவிட்டது. பிள்ளைகள் போட்டோ மட்டும் வருகிறது. அந்தப் போட்டோவில் உன் கை மட்டும்தான் தெரிகிறது.

பேசாமல் இருப்பதைக் குற்றம் சொல்லவில்லை. ஆனாலும் பெற்றவர்களுக்கு ஒரு வார்த்தை அனுப்பக்கூடாதா? அம்மா தினமும் போனைத் துடைத்துத் துடைத்து வைக்கிறாள்.

இந்த டிராலியை யார் கண்டுபிடித்தார்கள் என்று போன வாரம் தேடிப் பார்த்தேன். உனக்குப் பக்கத்து மாநிலம்தான், ஓக்லஹோமா. 1937ல் கோல்ட்மேன் என்கிற கடைக்காரர் மடக்கு நாற்காலியைப் பார்த்து, அதில் கூடையும் சக்கரமும் வைத்துச் செய்திருக்கிறார். முதலில் யாரும் தொடவில்லையாம். பிள்ளை வண்டி தள்ளித் தள்ளியே அலுத்துப்போச்சு, இதையும் தள்ளணுமா என்று பெண்கள் சொன்னார்களாம். அதைப் படித்ததிலிருந்து எனக்குச் சரியாகத் தூக்கம் இல்லை.

நம் கிழக்கு வீட்டுத் தண்ணி வண்டி உனக்கு ஞாபகம் இருக்குமா என்று தெரியவில்லை. 1994. உனக்கு நாலு வயது, தம்பிக்கு எட்டு மாதம். இப்போது உன் பிள்ளைகள் இருக்கிற கணக்குத்தான். அப்போது நமக்கு வண்டி கிடையாது. கிழக்கு வீட்டு அக்காவிடம் கேட்டு வாங்கி, ஆறு குடம் வைத்து, உங்க அம்மா தண்ணிக்குப் போவாள். தம்பி இடுப்பில், நீ முந்தானையைப் பிடித்துக்கொண்டு. மணலில் அந்தச் சக்கரம் உருளாது, இழுத்து இழுத்துத்தான் கொண்டுவர வேண்டும். அன்றைக்குத் தம்பிக்கு உடம்பு காய்ந்தது. குடத்தையெல்லாம் உள்ளே இறக்கிவிட்டு, வண்டியைச் சந்தில் அப்படியே விட்டுவிட்டு, பிள்ளைக்குப் பால் கொடுக்க உட்கார்ந்துவிட்டாள்.

நான் அப்போதுதான் டூட்டி முடிந்து வந்தேன். அந்த அக்கா வண்டியைத் தேடிக்கொண்டு வாசலுக்கு வந்துவிட்டார், தெருவில் நாலு பேர் நின்றார்கள். அவர் கோபமாகக்கூடக் கேட்கவில்லை. எனக்குத்தான் மானம் போன மாதிரி இருந்தது. "எடுத்த பொருளை எடுத்த இடத்துல வைக்கத் தெரியாதா? நாங்க டிராலிய லைன்ல விட்டுட்டு வந்தா எத்தன உசுரு போகும் தெரியுமா?" என்று தெரு கேட்கக் கத்தினேன். அவள் ஒன்றும் சொல்லவில்லை. பால் குடித்துக்கொண்டிருந்த பிள்ளையைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு வண்டியைத் தள்ளினாள். சக்கரம் மணலில் மாட்டிக்கொண்டது. நீ பின்னால் போய் இரண்டு கையாலும் முட்டுக் கொடுத்தாய். நான் திண்ணையில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தேன். அவள் கொண்டுவந்த தண்ணியைத்தான் செம்பில் மோந்து குடித்துக்கொண்டிருந்தேன்.

பத்து வீட்டுத் தூரம் கூட இல்லை. நான் எழுந்து கொண்டுபோய் விட்டிருக்கலாம். முதலிலேயே தண்ணிக்கு நான் போயிருக்கலாம். என் லீவு நாளில் கூட ஒருநாளும் போகவில்லை. ஆம்பிளை குடம் வைத்து வண்டி தள்ளுவதா என்று இருந்தேன். ரயில்வேயில் ஆபீசரை உட்கார வைத்து டிராலி தள்ளினதற்கு மட்டும் எனக்குக் கூச்சம் வரவில்லை.

போன வியாழக்கிழமை அம்மாவிடம் கேட்டேன், அந்த நாள் உனக்கு ஞாபகம் இருக்கா என்று. சூடை மீன் அரிந்துகொண்டிருந்தாள். அரிந்து முடிக்கிற வரைக்கும் பேசவில்லை. அப்புறம், "வண்டியக் கொண்டுபோய் விட்டது ஒண்ணும் கஷ்டமில்ல. திரும்பி வந்தப்ப நீங்க அதே செம்ப வச்சிக்கிட்டு அதே எடத்துல உக்காந்திருந்தீங்க" என்றாள். முப்பத்தொரு வருஷம் ஆகிறது. நான் மறந்திருப்பேன் என்று அவள் நினைத்திருக்கிறாள், அவள் மறந்திருப்பாள் என்று நான் நினைத்திருக்கிறேன்.

உன்னிடமும் அதே வார்த்தையைத்தான் சொல்லிவிட்டேன். எழுத்து மாறாமல். ஒருவன் தெருவில் வைத்துக் கத்தினான் என்று நீ அப்பாவிடம் வந்து சொன்னால், பிள்ளைகள் பயந்துவிட்டார்களா, நீ எப்படி இருக்கிறாய் என்றுதானே கேட்டிருக்க வேண்டும். நான் தப்புச் செய்துவிட்டேன் தாயி. மனசில் வைத்துக்கொள்ளாதே.

மாப்பிள்ளைக்கு வேலை அதிகம் என்று சொல்கிறாய். சரி. சனிக்கிழமையும் வேலை என்கிறாய். அதுவும் சரி. மாப்பிள்ளை நல்லவர், நான் குறை சொல்லவில்லை. என்னையும் இந்தத் தெருவில் நல்ல மனுஷன் என்றுதான் சொன்னார்கள், இப்போதும் சொல்கிறார்கள்.

இரண்டு மூன்று மாதமாக நீ வீட்டிலிருந்து பேசுவதே இல்லை. எப்போது கூப்பிட்டாலும் ஏசி சத்தம் கேட்கிறது, கடை வாசலில் காரில் இருக்கிறேன் என்கிறாய். ஒரு மணி நேரம் பேசினாலும் கார் கிளம்புகிற சத்தம் கேட்பதில்லை. அன்றைக்கு மூத்தவன் "எப்பம்மா வீட்டுக்குப் போவோம்" என்று இரண்டு தடவை கேட்டான், நீ பதில் சொல்லவில்லை. பால் கெட்டுப்போகும், வீட்டுக்குப் போய்ப் பேசு என்று நான்தான் நடுவில் சொன்னேன். அதையும் சொல்லியிருக்கக் கூடாது.

நான் எதையும் கேட்கவில்லை. உனக்குச் சொல்லத் தோன்றினால் சொல்லு, இல்லையென்றால் அம்மாவிடம் சொல்லு. எங்கள் இரண்டு பேர் விசாவும் 2033 வரை இருக்கிறது. நீ "வாங்க" என்று ஒரு வார்த்தை போட்டால் போதும், டிக்கெட் காசு பென்ஷன் கணக்கில் இருக்கிறது, உன்னிடம் வாங்க மாட்டேன். நீ பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு இங்கே வந்து இருப்பதானாலும் சரி, எத்தனை மாதம் என்று நாங்கள் கேட்க மாட்டோம். அக்கம்பக்கத்தில் கேட்பார்கள், அவர்களுக்கு நான் பதில் சொல்லிக்கொள்கிறேன். இந்தத் தடவை உட்கார்ந்திருக்க மாட்டேன்.

இந்தச் சனிக்கிழமை ராத்திரி எட்டரைக்கு, உனக்குக் காலை பத்து மணி, போனைக் கையில் வைத்துக்கொண்டு திண்ணையில் இருப்பேன். அம்மாவிடம் கொடுக்க மாட்டேன், நீ கேட்டால் கொடுக்கிறேன். காரில் இருந்தே பேசு. பேச வராவிட்டால் சும்மா லைனில் இரு, பிள்ளைகள் சத்தமாவது கேட்டுக்கொண்டிருக்கிறேன்.

கூண்டுக்குப் பக்கத்தில் இடம் கிடைக்கவில்லையென்றால் அந்தப் புல்வெளி ஓரத்திலேயே டிராலியை விட்டுவிட்டு வா. எவனாவது கத்தினால் கண்ணாடியை ஏற்றிக்கொண்டு எனக்குப் போன் போடு.

அப்பா

சின்னவளுக்கு மேல் பல் வந்துவிட்டதா என்று அம்மா கேட்கச் சொன்னாள். பாறைக் கருவாடு காயப்போட்டிருக்கிறாள், உனக்குத்தான்.