செண்பகத்தில் தொடங்குங்கள்

கொழும்புத் தமிழ்ப் பாடசாலைகளின் சுற்றாடல் கழகப் பொறுப்பாசிரியர்களுக்கு,

வணக்கம். பிள்ளைகளைப் பறவை பார்க்கக் கூட்டிப்போவது என்றாலே எல்லாருக்கும் முதலில் வாயில் வருவது சிங்கராஜாதான். நல்ல காடு, ஆனால் தூரம். வெயில் ஏறிய பிறகு போய் இறங்கினால் பாதிப் பறவைகள் அடங்கிவிடும். அதைவிட இங்கிரியப் பக்கம் இருக்கும் போதினாகலைக் காடு நமக்குக் கிட்ட. இலங்கையை விட்டால் உலகில் வேறெங்கும் இல்லாத பச்சைச் சொண்டுச் செண்பகம் அங்கே இருக்கிறது.

ஆனால் அங்கே போக முதல், நம் வளவுச் செண்பகத்தைப் பிள்ளைகள் வடிவாகப் பார்த்துப் பழகட்டும். இது என் வேண்டுகோள்.

ஏனென்றால் இரண்டும் அச்சொட்டாக ஒன்றுபோலத்தான் தெரியும். வெள்ளவத்தை மதிலில் நத்தை தேடி நடக்கிறதே, அதற்குக் கறுத்தச் சொண்டு, பளிச்சென்ற செங்கபிலச் செட்டை. காட்டில் இருப்பது கொஞ்சம் சிறியது. செட்டையின் நிறம் மங்கி இருண்டிருக்கும். கறுத்த உடம்பில் ஊதா மினுக்கம் ஓடும், ஆனால் அது வெளிச்சத்தில்தான் தெரியும். ஈரவலயக் காட்டின் மூங்கில் பற்றைக்குள் வெளிச்சம் ஏது? அங்கே கண்ணில் படுவது சொண்டுதான்: வெளிறிய பச்சை, கிட்டத்தட்ட தந்த நிறம். இருட்டில் அது மட்டும் தனியே நகர்வதுபோல் இருக்கும். சரி, அதுவும் ஓரிரு விநாடிதான். கறுத்தச் சொண்டு மனதில் பதியாத பிள்ளைக்கு அந்த நேரம் போதாது.

குரலும் அப்படித்தான். இந்தப் பறவையைக் காண்பதைவிடக் கேட்பதே அதிகம். வளவுச் செண்பகத்தின் 'ஊப் ஊப்' காதில் ஊறியிருந்தால்தான், காட்டுச் செண்பகத்தின் அடித்தொண்டைக் குரல் வேறு என்று பிடிபடும்.

அப்புறம், கைப்பேசியில் ஒலிப்பதிவைப் போட்டுப் பறவையை வெளியே இழுக்கும் வேலை வேண்டாம். காடு குறையக் குறைய அதுவும் குறைந்து, அழியும் ஆபத்தில் உள்ளவை என்று உலகச் செம்பட்டியலில் ஏறிவிட்ட பறவை அது. தன் இனத்தின் குரலைக் கேட்டதும், தன் இடத்துக்கு எதிரி வந்துவிட்டான் என்று நம்பி இரையையும் கூட்டையும் விட்டு வந்து அலையும். நம் படத்துக்காக அதற்கு ஏன் அந்தப் பாடு? அங்கே பிக்குமார் தியானம் செய்யும் ஆரண்யமும் இருக்கிறது. ஒரு பஸ் நிறையப் பிள்ளைகள் போனால் பறவையும் வராது, அவர்களுக்கும் தொல்லை. சின்னக் குழுக்களாகப் போங்கள்.

கடைசியாகப் புள்ளி போடும் விஷயம். எத்தனை இனம் கண்டாய் என்று போட்டி வைத்தால் பிள்ளைகள் காணாததையும் எழுதுவார்கள். குறிப்பேட்டில் 'கண்டது' பக்கத்தில் 'கேட்டது' என்றும் ஒரு நிரல் போடுங்கள். 'செண்பகம், சொண்டு தெரியவில்லை' என்று எழுதும் பிள்ளைக்கும் முழுப் புள்ளி கொடுங்கள்.

அன்புடன்,
வெள்ளவத்தையிலிருந்து ஒரு பறவைப் பிரியர்