அது கல்லூரி ஆட்டத்தின் படம் அல்ல

ஆசிரியருக்கு வணக்கம்.

அமெரிக்கக் கல்லூரி விளையாட்டுகள் பற்றி ஞாயிறு இணைப்பில் வந்த கட்டுரையில் ஐஸ் ஹாக்கிக்குக் கிடைத்தது நாலே வரி. அதிலும் ஒன்று 'அடிதடிக்குப் பேர்போன ஆட்டம்' என்கிறது. பக்கத்தில், இரண்டு பேர் சட்டையைப் பிடித்துக் குத்திக்கொள்ளும் படம். இருவருக்கும் மூக்கும் தாடையும் நன்றாகவே தெரிகின்றன. அது கல்லூரி ஆட்டம் இல்லை என்பதற்கு அந்த மூக்கே சாட்சி. என்சிஏஏ, அதாவது அமெரிக்கக் கல்லூரி விளையாட்டுகளை நடத்தும் அமைப்பின் ஆட்டங்களில் முகம் முழுவதும் மூடும் கம்பிக் கூண்டோ கண்ணாடித் தடுப்போ இல்லாமல் யாரும் பனித்தளத்தில் இறங்க முடியாது. சண்டையில் இறங்கியவருக்கு அந்த ஆட்டமும் போச்சு, அடுத்த ஆட்டமும் போச்சு.

நான் கணக்கு டீச்சராக இருந்து ஓய்வு பெற்றவள். மட்டையைத் தொட்டதுகூடக் கிடையாது. மகன் லேக் சுப்பீரியர் ஸ்டேட் பல்கலைக்கழகத்தில் வேலை பார்ப்பதால் ஒரு குளிர்காலம் முழுக்க அங்கே இருந்தேன். மிச்சிகன் மாநிலத்தின் வட எல்லை. ஆற்றைத் தாண்டினால் கனடா. ஊர் பெயரை 'சால்ட் செயின்ட் மேரி' என்று படித்துவிட்டுச் சிரிப்புக்கு ஆளானேன், அங்கே அந்தச் 'சால்ட்'டைச் 'சூ' என்றுதான் சொல்ல வேண்டுமாம். மாணவர்கள் இரண்டாயிரம் பேர் அளவில்தான். மற்ற ஆட்டங்களில் எல்லாம் இரண்டாம் பிரிவில் இருக்கும் இந்தப் பல்கலைக்கழகம், ஹாக்கியில் மட்டும் முதல் பிரிவில் பெரிய பெரிய பல்கலைக்கழகங்களோடு மோதுகிறது. 1988, 1992, 1994 என மூன்று முறை தேசியப் பட்டம். 1994 இறுதியாட்டத்தில் பாஸ்டன் பல்கலைக்கழகத்தை 9-1 என்று வென்றிருக்கிறார்கள். விடைத்தாளில் யாராவது இப்படி எழுதியிருந்தால் மறுபடி கூட்டிப் பார் என்றிருப்பேன். அதற்குப் பிறகு பட்டம் வரவில்லை. கூட்டம் என்னவோ இன்னும் வருகிறது.

அங்குள்ள ஹாக்கி அரங்குக்கு டாஃபி ஏபெல் என்ற ஹாக்கி ஆட்டக்காரரின் பெயர். அந்த ஊரில் பிறந்தவர், ஓஜிப்வே பழங்குடித் தாயின் மகன், 1924 குளிர்கால ஒலிம்பிக்கில் அமெரிக்கக் கொடியை ஏந்திப் போனவர். இதற்கு ஒரு தனிக் கட்டுரையே போடலாம்.

பயணத் தூரம் அதிகம் என்பதால், வந்த அணியோடு வெள்ளி, சனி இரண்டு இரவும் ஆடிவிடுகிறார்கள். முதல் வெள்ளியன்று பந்துக்குப் பதிலாக அடிக்கும் அந்த ரப்பர் வட்டு எனக்குக் கண்ணிலேயே படவில்லை. "வட்டைத் தேடாதீங்க அத்தை, ஆளுங்க எந்தப் பக்கம் திரும்புறாங்கன்னு பாருங்க" என்றாள் மருமகள். இருபது நிமிடம் முடிந்ததும் ஜாம்போனி வண்டி வந்து பனியைச் சீவி, வெந்நீர் விட்டு மெழுகிக்கொண்டு போனது. அந்த இடைவேளையில் பக்கத்து இருக்கைப் பையன், முகத்தில் பாதி நீலச் சாயத்தோடு, நோட்டைத் திறந்து வகைக்கெழுச் சமன்பாடு போட ஆரம்பித்துவிட்டான். திங்களன்று தேர்வாம். மூன்றாவது வரியில் ஒரு மைனஸை விட்டிருந்தான். பழக்கதோஷம், விரலை வைத்துக் காட்டிவிட்டேன். அதற்குக் கைமாறாக மீதி ஆட்டம் முழுக்க ஆஃப்சைடு என்றால் என்ன, ஐஸிங் என்றால் என்ன என்று எனக்குப் பாடம் எடுத்தான். 'விளையாட்டு வெறியில் படிப்பு காற்றில் பறக்கிறது' என்று உங்கள் கட்டுரையாளர் எழுதியதைப் படித்தபோது அந்த நோட்டுதான் ஞாபகத்துக்கு வந்தது. நான் பார்த்தது ஒரு பையனைத்தான், அதையும் சொல்லிவிடுகிறேன்.

அன்று சொந்த அணி தோற்றது. கடைசி மணி அடித்ததும் இரண்டு அணியும் வரிசையில் வந்து கைகொடுத்துவிட்டுப் போனார்கள். மறுநாள் அதே ஆட்கள், அதே கூட்டம், அதே நீலச் சாயம்.

படத்துக்குத் திருத்தம் வெளியிட வேண்டுகிறேன். அரங்கில் நானே எடுத்த ஒன்றை இத்துடன் அனுப்பியிருக்கிறேன்; எல்லார் முகத்திலும் கூண்டு இருக்கிறது. வட்டு எங்கே என்று மட்டும் என்னைக் கேட்காதீர்கள்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற கணித ஆசிரியை ஒருத்தி