அந்த 555 நோட்டு

அன்பு மகள் கயலுக்கு,

போன தீபாவளிக்கு வந்திருந்தபோது பாட்டியின் டிரங்குப் பெட்டியிலிருந்து கடைக் கடன் எழுதும் ஒரு சின்ன 555 நோட்டை எடுத்து, "இது யாரோட கணக்குப்பா?" என்று கேட்டாய். பழைய கடைக் கணக்கு என்று சொல்லி வாங்கி வைத்துவிட்டேன். 2022இல் மலேசியத் தேர்தல் முடிந்ததும், 1969 மே 13இல் கோலாலம்பூரில் நடந்த இனக்கலவரத்தைச் சொல்லி மிரட்டும் வீடியோக்கள் டிக்டாக்கில் சுற்றினவே, அப்போதும் போனில், "சீனருக்கும் மலாய்க்காரருக்கும் ரத்தத்திலேயே பகையாப்பா?" என்று கேட்டாய். நான் பேச்சை மாற்றினேன். எங்கள் தலைமுறைக்கு அது பழகிப்போய்விட்டது. இனியும் அப்படி இருக்க எனக்கு மனமில்லை.

1969இல் எனக்கு 11 வயது. தாத்தாவுக்குக் கோலாலம்பூரில், செந்தூல் ரயில்வே பட்டறையில் வேலை. அரிசி, மண்ணெண்ணெய், நெத்திலி எல்லாம் முனையில் இருந்த சீனர் கடையில்தான். கடை முதலாளியை தவுக்கே என்போம், காதில் பென்சில் செருகியிருப்பார். நம் நோட்டில் ஒரு தடவை, அவர் நோட்டில் ஒரு தடவை எழுதுவார். சம்பளத்தன்று காசு கொடுத்ததும் குறுக்கே ஒரு கோடு. பக்கத்து வீட்டு மலாய் அம்மாவும் (மக்சிக் என்று கூப்பிடுவோம்) அங்கேதான் கடன் வாங்குவார். அவருக்கும் ஒரு நோட்டு இருந்தது. ரத்தத்தில் பகை இருந்தால் அந்த நோட்டுகள் இருந்திருக்குமா?

மனக்குறை இருந்தது, அதை மறைக்க மாட்டேன். நாடு நம்முடையது, கையில் ஒன்றுமில்லையே என்று மலாய்க்காரர்கள் குமுறினார்கள். மொழியும் உரிமையும் பறிபோகுமோ என்று சீனர்கள் பயந்தார்கள். 1970 கணக்குப்படி நிறுவனப் பங்குகளில் மலாய்க்காரர்களிடம் இருந்தது 2.4 சதவீதம்தான். ஆனால் 60 சதவீதத்துக்கு மேல் வெளிநாட்டாரிடம் இருந்தது, கயல். கோபம் மட்டும் முனைக்கடைக்காரர் மேல் விழுந்தது.

மே 10 தேர்தலில் ஆளும் கூட்டணி அடி வாங்கியது. பினாங்கு கைவிட்டுப் போனது, சிலாங்கூரில் 28 இடங்களில் 14தான் கிடைத்தது. அடுத்த இரண்டு நாளும் எதிர்க்கட்சியினரின் ஊர்வலங்கள், மலாய்க்காரர்களைச் சீண்டும் கோஷங்கள். 13ஆம் தேதி பதில் ஊர்வலத்துக்காகக் கம்போங் பாருவில் மந்திரி புசார், அதாவது மாநில முதலமைச்சர் வீட்டு முன்னால் கூட்டம் திரண்டது. செத்தாபாக்கில் அடிதடி என்ற செய்தி அங்கே வந்து சேர்ந்தது. பொழுது சாய்வதற்குள் வெட்டு ஆரம்பித்துவிட்டது.

அன்று ராத்திரி பாட்டி விளக்கை அணைத்துவிட்டு எங்களைக் கட்டிலுக்கு அடியில் படுக்க வைத்தார். சன்னல் இடுக்கில் பார்த்தேன். சௌகிட் பக்கம் வானம் சிவந்திருந்தது. அரசாங்கக் கணக்கில் செத்தவர்கள் 196 பேர்: 143 சீனர், 25 மலாய்க்காரர், 13 இந்தியர், மற்றவர்கள் 15. உண்மையில் இன்னும் அதிகம் என்றுதான் அப்போதிருந்தே பேச்சு. பலரைச் சுங்கை பூலோ தொழுநோய் மருத்துவமனைக்குப் பக்கத்தில் புதைத்தார்கள்.

"இது அவங்க சண்டை, நமக்கென்ன" என்பார் தாத்தா. ஜூன் கடைசியில் செந்தூலிலேயே மலாய்க்காரர்களுக்கும் நம் ஆட்களுக்கும் மோதல் வந்தது. அப்புறம் அந்தப் பேச்சை விட்டுவிட்டார். வேலை பெர்மிட் கெடுபிடி வந்தபோது, குடியுரிமை இல்லாதவர்களுக்கான சிவப்பு ஐசி (அடையாள அட்டை) வைத்திருந்த சின்னத் தாத்தாவும் கப்பலேறித் தமிழ்நாட்டுக்குப் போய்விட்டார். இங்கேயே ரப்பர்த் தோட்டத்தில் பால்மரம் வெட்டி முதுகு வளைந்தவர் அவர்.

1971 பிப்ரவரி வரை நாடாளுமன்றம் கூடவில்லை. பள்ளியில் நீ ஒப்பித்தாயே ருக்குன் நெகாரா என்ற தேசியக் கோட்பாடு, அது 1970 ஆகஸ்ட் 31இல் வந்தது. அடுத்த வருஷம், மலாய்க்காரர்களை உயர்த்தும் புதிய பொருளாதாரக் கொள்கை. ஏழை மலாய்க்காரப் பிள்ளைகள் படித்து மேலே வந்தார்கள், அது நியாயம்தான். தோட்டத்து ஏழைத் தமிழனை அதே கண்ணால் யாரும் பார்க்கவில்லை என்ற வருத்தம் எனக்கு இன்னும் தீரவில்லை.

ஊரடங்கைத் தளர்த்திய இரண்டு மணி நேரத்தில் பாட்டி என்னைக் கூட்டிக்கொண்டு கடைக்கு ஓடினார். பலகைக் கதவு மூடியிருந்தது. தவுக்கே குடும்பம் ஈப்போவுக்குப் போய்விட்டதாக ஒருவர் சொன்னார், இல்லை என்றார் இன்னொருவர். அந்தக் கடை பிறகு திறக்கவே இல்லை.

டிசம்பரில் நீ வரும்போது சுங்கை பூலோ போய்விட்டு வருவோம். நோட்டை எடுத்து வைத்திருக்கிறேன். கடைசிப் பக்கத்தைப் பார். 11 வெள்ளி 40 காசு என்று பென்சிலில் எழுதியிருக்கும், குறுக்கே கோடு இருக்காது.

அன்புடன்,
அப்பா