எல். வைத்தியநாதனை விட்டுவிடலாமா?

ஆசிரியருக்கு,

பின்னணி இசை பற்றிய ஞாயிறு மலர்க் கட்டுரையில் எல். வைத்தியநாதனின் பெயரே இல்லாதது வருத்தம் அளித்தது. வசனமே இல்லாத 'பேசும் படம்' (1987) திரைப்படத்துக்கு இசையமைத்தவர் அவர். பாத்திரங்கள் பேசாத படத்தில் சிரிப்பையும் ஏக்கத்தையும் கொண்டுசேர்க்கும் பொறுப்பில் பெரும்பங்கு இசைக்குத்தான். ஓர் இசையமைப்பாளருக்கு இதைவிடக் கடினமான தேர்வு உண்டா?

தந்தை வி. லட்சுமிநாராயணாவிடம் வயலின் பயின்ற மூன்று சகோதரர்களில் மூத்தவர் இவர். தம்பிகள் எல். சுப்பிரமணியமும் எல். சங்கரும் உலக மேடைகளில் புகழ் பெற்றார்கள். இவரோ இசையமைப்பாளர் ஜி. கே. வெங்கடேஷிடம் உதவியாளராக இருந்து திரையிசையைத் தேர்ந்துகொண்டார். 1982இல் வெளிவந்த 'ஏழாவது மனிதன்' படத்தில் பாரதியின் பாடல்களுக்கு இவர் மெட்டமைத்தார். யேசுதாஸ் பாடிய 'காக்கைச் சிறகினிலே' ஒன்றே போதும். கவிதையின் ஒரு சொல்லைக்கூட இசை நசுக்கவில்லை. அந்த அடக்கம் எல்லோருக்கும் வாய்ப்பதில்லை.

தூர்தர்ஷனில் சங்கர் நாக் இயக்கிய 'மால்குடி டேஸ்' தொடரின் முகப்பிசையும் இவருடையதே. அந்த முணுமுணுப்பைக் கேட்டதும் மால்குடியை நினைப்பவர்களில் எத்தனை பேருக்கு இவர் பெயர் தெரியும்? தொலைக்காட்சிக்கு இசையமைத்தவர்களை நாம் கணக்கில் கொள்வதே இல்லை. இது பெரிய அநீதி.

வைத்தியநாதன் 2007 மே மாதம் மறைந்தார். அவரது திரை, தொலைக்காட்சி இசை குறித்துத் தங்கள் நாளிதழ் தனிக் கட்டுரை ஒன்றை வெளியிட வேண்டுகிறேன். அவருடன் வாசித்த கலைஞர்களின் நினைவுகளையும் அதில் பதிவுசெய்யுங்கள்.

- வாசகர், கும்பகோணம்