எரிகோவின் மதிலுக்கு வாசகர் தீர்ப்பு எதற்கு?

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். வேதாகமம் வரலாற்று ஆவணமா என்று கேட்டு, சென்ற இதழில் இருவரை எதிரெதிரே நிறுத்தி நான்கு பக்கத்துக்கு ஒரு விவாதம் வெளியிட்டிருந்தீர்கள். ஆதியாகமம் முதல் வெளிப்படுத்தல் வரை எழுத்துக்கு எழுத்து நடந்தது என்றார் ஒருவர். ஒரு வரிகூட நடக்கவில்லை என்றார் மற்றவர். அவர்கள் மேல் எனக்கு வருத்தமில்லை. பட்டிமன்றத்துக்கு அழைத்தால் பட்டிமன்றம்தான் பேசுவார்கள். என்னை உறுத்தியது, விவாதத்தின் அடியில் நீங்கள் சேர்த்திருந்த ஒற்றை வரிதான்: இது அவரவர் நம்பிக்கையைப் பொறுத்தது, தீர்ப்பை வாசகரே சொல்லட்டும் என்பது. முப்பத்து நான்கு ஆண்டுகள் பள்ளியில் வரலாறு நடத்தியவனை இதைவிட மரியாதையாக யாரும் வீட்டுக்கு அனுப்பியதில்லை.

இயேசு உயிர்த்தெழுந்தாரா என்பது நம்பிக்கையைப் பொறுத்தது என்று சொல்லுங்கள், கைகட்டிக் கேட்டுக்கொள்கிறேன். யோசுவாவின் தலைமையில் இஸ்ரவேலர் ஆர்ப்பரித்தபோது எரிகோவின் மதில் இடிந்து விழுந்தது என்கிறது வேதம். அந்த எரிகோவில் ஒரு குறிப்பிட்ட நூற்றாண்டில் மதில் இருந்ததா என்பது மண்ணைத் தோண்டினால் தெரிகிற செய்தி. தோண்டியும் பார்த்துவிட்டார்கள். 1930களில் அங்கே அகழ்ந்த ஜான் கார்ஸ்டாங், யோசுவாவின் காலத்தில் விழுந்த மதிலையே கண்டுபிடித்துவிட்டதாக அறிவித்தார். 1952 முதல் 1958 வரை அதே மேட்டில் அகழ்ந்த கேத்லீன் கென்யன், அந்த மதில் யோசுவாவுக்கு ஏறத்தாழ ஆயிரம் ஆண்டுகள் முந்தியது என்றும், ஊர் கி.மு. 1550 வாக்கிலேயே அழிந்துபோனது என்றும், யோசுவாவுக்குப் பொதுவாகக் குறிக்கப்படும் கி.மு. 13ஆம் நூற்றாண்டில் இடித்துத் தள்ளுவதற்கு அங்கே மதிலே இல்லை என்றும் காட்டினார். (அந்த அம்மையாரின் தந்தை ஃபிரெடரிக் கென்யன், வேதாகமக் கையெழுத்துப் படிகளை ஆராய்ந்து பெயர் பெற்றவர், வேதத்தைப் பழிக்கிற வீட்டில் பிறந்த பெண் அல்லர் அவர்.) எரிகோவுக்கு அடுத்து யோசுவா பிடித்ததாக வேதம் சொல்லும் ஆயி பட்டணம் என்று பெரும்பாலான அறிஞர்கள் கருதும் எத்-தெல் மேடும் யோசுவாவுக்கு முன்பே ஆயிரம் ஆண்டுகளுக்கு மேல் ஆளில்லாமல் கிடந்த இடம். உங்கள் முதல் பேச்சாளர் இவற்றைத் தொடவே இல்லை. இரண்டாமவர் இவற்றைத் தவிர வேறெதையும் தொடவில்லை.

அந்த இரண்டாமவருக்காகவே ஒன்றைச் சொல்கிறேன். என் மகன் லண்டனில் வேலையாக இருந்த காலத்தில் பிரிட்டிஷ் அருங்காட்சியகத்தில், யூதா நாட்டின் கோட்டை நகரமான லாகீசின் முற்றுகையைக் காட்டும் கற்பலகைகளுக்கு முன் ஒரு பிற்பகல் முழுவதும் நின்றிருக்கிறேன். நினிவேயில் அசீரிய மன்னன் சனகெரிப்பின் அரண்மனைச் சுவரை அலங்கரித்தவை அவை. கோட்டைமேல் இருந்து யூதா வீரர்கள் தீப்பந்தங்களை வீசுகிறார்கள். முற்றுகைப் பொறியின்மேல் அவை விழுந்து பற்றிக்கொள்ளாதபடி ஒரு அசீரியன் நீண்ட காம்புள்ள அகப்பையால் தண்ணீர் ஊற்றிக்கொண்டே இருக்கிறான். தோற்ற மக்கள் மூட்டைகளை மாட்டுவண்டியில் ஏற்றிக்கொண்டு போகிறார்கள். மூட்டைகளின்மேல் பெண்களும் பிள்ளைகளும். சிம்மாசனத்தில் மன்னன், அவன் முகத்தை மட்டும் யாரோ பிற்காலத்தில் கொத்திச் சிதைத்திருக்கிறார்கள். இப்போது 2 இராஜாக்கள் 18ஆம் அதிகாரத்தைத் திறந்து பாருங்கள். யூதாவின் எசேக்கியா ராஜா, லாகீசில் இருக்கிற அசீரியா ராஜாவுக்கு ஆள் அனுப்பி, முந்நூறு தாலந்து வெள்ளியும் முப்பது தாலந்து பொன்னும் கப்பமாகக் கட்டச் சம்மதிக்கிறான் (தாலந்து என்பது அக்கால எடையளவு). சனகெரிப் தன் படையெடுப்புகளைப் பொறித்துவைத்த களிமண் பட்டகமோ முப்பது தாலந்து பொன், எண்ணூறு தாலந்து வெள்ளி என்கிறது. பொன்னில் இருவரும் ஒத்துப்போகிறார்கள். வெள்ளியில் யாரோ ஒருவர் கணக்கை மாற்றியிருக்கிறார். யார் என்பதை மெய்க்கீர்த்திகளைப் படித்துப் பழகியவர்கள் ஊகித்துக்கொள்ளலாம். எசேக்கியாவைக் கூண்டுப் பறவைபோல் எருசலேமுக்குள் அடைத்தேன் என்று பெருமை பேசுகிற மன்னன், எருசலேமைப் பிடித்தேன் என்று மட்டும் சொல்லவில்லை. ஒரே இரவில் லட்சத்து எண்பத்தையாயிரம் பேரைக் கர்த்தருடைய தூதன் சங்கரித்தான் என்கிறது வேதம். அதைப்பற்றி அசீரியர்கள் வாயே திறக்கவில்லை. கி.மு. 701இல் படையெடுப்பு நடந்தது, நகரம் தப்பியது, கப்பம் போனது. இவ்வளவும் வரலாறு. தூதனைப் பற்றி நான் இங்கே பேசப்போவதில்லை. அது என் ஜெபத்துக்குரியது.

எதிரியின் கல்லே சாட்சி சொல்கிற இடங்கள் இன்னும் உண்டு என்பது தாங்கள் அறியாததல்ல. இஸ்ரவேல் என்ற பெயர் எகிப்தில் முதன்முதலாக வருவது, 1896இல் அகழாய்வாளர் ஃபிளிண்டர்ஸ் பெட்ரி கண்டெடுத்த, எகிப்து மன்னன் மெர்னெப்தாவின் கல்வெட்டில். இஸ்ரவேலின் வித்தே இல்லாமல் போயிற்று என்று அது மார்தட்டுகிறது. 1993இல் இஸ்ரேலின் வடக்கே தெல் தாணில் கிடைத்த அரமேயக் கல்வெட்டு, தாவீதின் வீட்டைப் பெயர் சொல்லிக் குறிப்பிடுகிறது. அதை வைத்துக் கோலியாத்தை நிரூபிக்க முடியாது. ஆனால் தாவீது என்று ஒருவனே இருந்ததில்லை என்று இனிமேல் எளிதாகச் சொல்லிவிடவும் முடியாது. இஸ்ரவேலின் அரசன் உம்ரியை எடுத்துக்கொள்ளுங்கள். அவன் பெயரால்தான் அசீரியர்கள் இஸ்ரவேல் நாட்டையே நெடுங்காலம் அழைத்தார்கள். உம்ரியின் வம்சத்தையே வேரறுத்து அரசனான யெகூவைக்கூட அவர்களுடைய கருங்கல் தூண் உம்ரியின் மகன் என்றே எழுதி வைத்திருக்கிறது. அப்பேர்ப்பட்ட அரசனுக்கு இராஜாக்களின் புத்தகம் ஒதுக்கியது ஆறே வசனங்கள். அவற்றிலும் இரண்டு வசை. அதை எழுதியவருக்கு அரசியல் வரலாறு எழுதும் எண்ணம் இல்லை, யார் கர்த்தருக்குப் பிரியமாய் நடந்தான் என்பதே கணக்கு. இப்படி ஒவ்வொரு பகுதியையும் அது எதற்காக எழுதப்பட்டது என்று பார்த்து நிறுக்க வேண்டியிருக்க, அறுபத்தாறு புத்தகங்களையும் ஒரே தராசுத் தட்டில் கொட்டி உண்டா இல்லையா என்று கேட்டால் யார்தான் என்ன சொல்வது?

பழைய கணக்கையும் கையோடு சொல்லிவிடுகிறேன். சில ஆண்டுகளுக்கு முன் நோவாவின் பேழை துருக்கியில் கிடைத்துவிட்டது என்று வண்ணப்படத்தோடு போட்டீர்கள். அது கப்பல் வடிவில் தெரிகிற இயற்கையான மண்மேடு என்று ஒரு பக்கத்தில் விளக்கி எழுதினேன். என் கடிதம் நான்கு வரியாக வெளிவந்தது. இதழின் அட்டைப்படத்தைப் பாராட்டி நான் எழுதிய முதல் வாக்கியம் முழுமையாக இருந்தது. பிறகு சாலொமோனின் கப்பல்கள் கொற்கையில் நங்கூரமிட்டன என்று ஒரு கட்டுரை. 1 இராஜாக்கள் 10ஆம் அதிகாரத்தில் மயிலுக்கு வரும் எபிரேயச் சொல் நம் தோகையோடு தொடர்புடையது என்று எங்கள் இடையன்குடியில் வாழ்ந்த கால்டுவெல் எழுதியது உண்மை. ஒரு சொல் கடல் கடந்திருக்கலாம் என்பதற்கு அது நல்ல தடயம். ஆனால் அந்தப் புத்தகம் சாலொமோனுக்கு நூற்றாண்டுகள் பிந்தித் தொகுக்கப்பட்டது; கொற்கை என்ற பெயர் அதில் எங்குமே இல்லை. நம் ஊர்ப் பெருமை என்றவுடன் அன்றைக்கு வாசகரின் தீர்ப்பை நீங்கள் கேட்கவில்லை என்பதை மட்டும் பணிவோடு நினைவூட்டுகிறேன்.

எங்கள் பக்கமும் யோக்கியம் இல்லை. நான் ஓய்வுநாள் பள்ளியில் பாடம் எடுத்த நாள்களில் ஒரு பையன், லூக்கா இரண்டாம் அதிகாரத்தில் இயேசு பிறந்த காலத்துக் குடிமதிப்போடு சொல்லப்படும் சிரேனியு எந்த வருடம் சீரியாவுக்குத் தேசாதிபதியானான் என்று கேட்டான். இயேசு பிறந்தபோது ஆண்டதாக வேதம் சொல்லும் ஏரோது இறந்தது பொதுவான கணக்குப்படி கி.மு. 4, சிரேனியுவின் குடிமதிப்பு, முதல் நூற்றாண்டு யூத வரலாற்றாசிரியர் யோசேப்பஸ் எழுதியபடி கி.பி. 6, இரண்டும் ஒரே பிறப்பில் பொருந்தவில்லை என்று உள்ளதைச் சொன்னேன். அதே லூக்கா எழுதிய அப்போஸ்தலர் நடபடிகளில் வரும் ரோம அதிபதி கல்லியோன், கிரேக்கத்து டெல்ஃபி கல்வெட்டில் அதே பதவியோடு இருக்கிறான் என்றும் சேர்த்தே சொன்னேன். அடுத்த வாரம் சபைப் பெரியவர் ஒருவர் என்னைக் கூப்பிட்டு, பிள்ளைகளின் விசுவாசத்தில் கல் எறிய வேண்டாம் என்றார். அதற்கடுத்த வாரம் என் வகுப்பு வேறொருவருக்குப் போயிற்று. பள்ளியிலோ, நான் கிறிஸ்தவன் என்பதாலேயே, இந்தப் பாடத்தில் நான் சொல்வதைச் சற்றுத் தள்ளுபடி செய்துதான் கேட்டார்கள். இரண்டு இடத்திலும் என்னிடம் யாரும் ஆதாரம் கேட்கவில்லை. எந்தக் கட்சி என்றுதான் கேட்டார்கள். இப்போது நீங்களும் அதையே வாசகர்களிடம் கேட்கிறீர்கள்.

நிற்க. இவ்வளவு எழுதியது இரண்டு சிறு வேண்டுகோளுக்காக. நீங்கள் வெளியிட்டிருந்த படத்தில் உள்ள கருங்கல், மோவாப் அரசன் மேசாவினுடையது. 1868இல் இன்றைய யோர்தானில் உள்ள தீபானில் வெளிச்சத்துக்கு வந்து, பேரம் முற்றிய நிலையில் ஊர்க்காரர்களால் உடைக்கப்பட்டு, முன்பே எடுத்திருந்த தாள் அச்சின் உதவியால் ஒட்டப்பட்ட கல் அது. அது இருப்பது பாரிஸ் நகரின் லூவ்ர் அருங்காட்சியகத்தில். நீங்கள் படத்தின் கீழே அச்சிட்டதுபோல் லண்டனில் அன்று. இதை அடுத்த இதழில் திருத்தி வெளியிட வேண்டும். மற்றொன்று, தமிழில் புதிய ஏற்பாடு தரங்கம்பாடியில் அச்சேறி முந்நூறு ஆண்டுகள் தாண்டிவிட்டன. எரிகோ, எசேக்கியா, யெகூ என்று எங்கள் பாட்டிமார் வாயில் புழங்கிய பெயர்கள் இருக்க, ஜெரிகோ, ஹெஸக்கியா, ஜெஹு என்று ஆங்கிலத்தின் வழியே சுற்றிக்கொண்டு வருவதைத் தங்கள் உதவி ஆசிரியர்கள் தவிர்க்கலாம்.

இக்கடிதத்தைச் சுருக்க நேர்ந்தால், இம்முறை முதல் பத்தியை எடுத்துவிட்டு கடைசிப் பத்தியை விட்டுவையுங்கள்.

தங்கள் நீண்டகாலச் சந்தாதாரன்,
ஓய்வுபெற்ற வரலாற்று ஆசிரியர்,
பாளையங்கோட்டை.