கசகசா அளவு உண்ணியும் கருவிலிருக்கும் குழந்தையும்: மகப்பேறு மருத்துவர்களுக்கும் பொதுச் சுகாதாரத் துறையினருக்கும் ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய மகப்பேறு மருத்துவர்களே, குழந்தை நல மருத்துவர்களே, லைம் நோயைக் கண்காணிக்கும் பொதுச் சுகாதார அதிகாரிகளே,

வணக்கம்.

கருவுற்ற பெண்ணுக்கு, உண்ணிக் கடியால் பரவும் பாக்டீரியாத் தொற்றான லைம் நோய் வந்தால் அது வயிற்றிலிருக்கும் குழந்தைக்கும் தொற்றுமா என்று நான் முதன்முதலாகக் கேட்டபோது எனக்கு ஐந்தாவது மாதம் நடந்துகொண்டிருந்தது. இடது முழங்காலின் பின்மடிப்பில், கைக்கண்ணாடி வைத்துப் பார்த்தாலொழியத் தெரியாத இடத்தில், சிவந்த வட்டம் ஒன்று உள்ளங்கை அகலத்துக்குப் படர்ந்திருந்தது. அரிப்பும் இல்லை, வலியும் இல்லை. முதலில் பார்த்த மருத்துவர் படர்தாமரை என்று சொல்லிக் களிம்பு எழுதிக் கொடுத்தார். எட்டு நாள் கழித்து, வட்டம் இன்னும் பெரிதாகிக் காய்ச்சலும் வந்த பிறகு, வேறொரு மருத்துவர்தான் உண்ணி ஏதும் கடித்ததா என்று கேட்டார். கடித்தது எனக்குத் தெரியவே தெரியாது. நோயைப் பெரும்பாலும் பரப்பும் இளம் உண்ணி ஒரு கசகசா அளவுதான் இருக்கும் என்பதையும், அது கடிக்கும்போது வலிக்காது என்பதையும் அன்றுதான் தெரிந்துகொண்டேன்.

அமாக்சிசிலின் மாத்திரை நாளுக்கு மூன்று வேளை, 14 நாள் கொடுத்தார்கள். குழந்தைக்கு என்ன ஆகும் என்று கேட்டேன். ஒன்றும் ஆகாது என்றார் ஒருவர். எதுவும் சொல்வதற்கில்லை என்றார் இன்னொருவர். மகள் நல்லபடியாகப் பிறந்தாள். இன்று பள்ளிக்குப் போகிறாள். ஆனால் அவள் பிறந்த பிறகு, தாய்க்குப் பேறுகாலத்தில் லைம் நோய் இருந்ததே, பிள்ளை எப்படி வளர்கிறாள் என்று ஒருவர்கூட எங்களைக் கேட்டதில்லை. அவள் நலமாக இருக்கிறாள் என்பது உங்கள் பதிவேடு எதிலும் ஏறவில்லை. நலமாக இல்லாமல் போயிருந்தாலும் ஏறியிருக்காது. இதைப் பற்றித்தான் உங்களுக்கு எழுதுகிறேன்.

இந்தக் கேள்வி புதியதன்று. நோய்க்குக் காரணமான பொரேலியா பர்க்டார்ஃபெரி என்ற பாக்டீரியாவை வில்லி பர்க்டார்ஃபர் கண்டறிந்த செய்தி 1982-இல் வெளியானது. மூன்றே ஆண்டுகளில், 1985-இல், முதல் பேறுகாலச் சான்று மருத்துவ இதழில் வந்துவிட்டது. கருவுற்ற முதல் மூன்று மாதங்களுக்குள் லைம் நோய் கண்டு சிகிச்சை பெறாத ஒரு பெண்ணின் குழந்தை 35-ஆவது வாரத்தில் பிறந்து, பிறவி இதயக் குறைபாட்டால் சில நாள்களுக்குள் இறந்தது. அதன் மண்ணீரலிலும் சிறுநீரகத்திலும் எலும்பு மஜ்ஜையிலும் சுருள் வடிவப் பாக்டீரியாக்கள் காணப்பட்டன. இதயக் குறைபாட்டுக்கு அந்தப் பாக்டீரியாதான் காரணம் என்று அந்த ஒரு நிகழ்வை வைத்துச் சொல்லிவிட முடியாது. ஆனால் தாயின் உடலிலிருந்து குழந்தையின் உடலுக்குப் பாக்டீரியா கடந்து போக வழி இருக்கிறது என்பதற்கு அது போதுமான அறிகுறி.

கடந்து போவதில் வியப்பும் இல்லை. சுருள் வடிவப் பாக்டீரியாக் குடும்பத்தில் லைம் நோய்க் கிருமிக்கு நெருங்கிய உறவினங்கள் பல, நஞ்சுக்கொடியைக் கடக்கக் கூடியவை. சிபிலிஸ் கிருமி அப்படிக் கடந்துதான் பிறவி சிபிலிஸை உண்டாக்குகிறது. மீள்காய்ச்சலை உண்டாக்கும் பொரேலியா இனங்களும் கருவைத் தாக்குகின்றன. இவற்றை அறிந்த ஒருவர் லைம் நோயைப் பற்றி எழுப்பும் ஐயத்தை வீண் பயம் என்று ஒதுக்குவது நியாயமாகாது.

அதே நேரத்தில், பயத்தை ஊட்டுவோர் பக்கமும் நான் நிற்கவில்லை. 1986-இல் வெளியான ஆய்வில், பேறுகாலத்தில் லைம் நோய் கண்ட 19 பெண்களில் ஐவருக்குப் பாதகமான விளைவுகள் நேர்ந்தன. ஆனால் ஒன்றுக்கொன்று தொடர்பில்லாத ஐந்து விதமான விளைவுகள் அவை. ஒரே கிருமி ஒரே பாதையில் சேதம் செய்திருந்தால் ஓர் ஒற்றுமையாவது தெரிந்திருக்க வேண்டும். நியூயார்க் மாநிலத்தின் வெஸ்ட்செஸ்டர் கவுண்டியில் ஏறத்தாழ 2,000 கர்ப்பிணிகளைப் பின்தொடர்ந்து 1993-இல் வெளியிட்ட ஆய்வு, கருவின் இறப்போடோ குறைப்பிரசவத்தோடோ லைம் நோய்க்குத் தொடர்பு காணவில்லை. அந்த 2,000 பேரில் உண்மையில் நோய்த்தொற்று இருந்தவர்கள் மிகச் சிலரே என்பதையும் சேர்த்துத்தான் அந்த முடிவைப் படிக்க வேண்டும். அரிதாக நேரும் ஒரு தீங்கைக் கண்டுபிடிக்க அத்தனை சிறிய எண்ணிக்கை போதாது.

சிகிச்சையைப் பற்றிய சான்றுதான் எனக்கு ஆறுதல் தந்தது. என்னைக் கோபப்பட வைத்ததும் அதுதான். ஹங்கேரியில் 95 பெண்களை ஆராய்ந்து 2010-இல் வெளியான ஆய்வில், ஊசி வழியே மருந்து பெற்றவர்களில் 12.1 விழுக்காட்டினருக்கும், வாய்வழி மருந்து பெற்றவர்களில் 31.6 விழுக்காட்டினருக்கும், சிகிச்சையே பெறாதவர்களில் 60 விழுக்காட்டினருக்கும் பாதகமான விளைவுகள் இருந்தன. சிகிச்சை பெறாதவர்கள் அதில் பத்தே பேர். 2018-இல் கனடாவின் பொதுச் சுகாதார முகமையைச் சேர்ந்தவர்கள் உலகெங்கும் வந்த ஆய்வுகளைத் திரட்டிப் பார்த்தபோதும், சிகிச்சை பெற்றவர்களில் 11 விழுக்காடு, பெறாதவர்களில் 50 விழுக்காடு என்றே கணக்கு வந்தது. சிறு எண்ணிக்கைகள், ஒழுங்கில்லாமல் சேர்ந்த நோயாளிகள் என்று இவற்றின் குறைகளை நீங்கள் என்னைவிட நன்றாக அறிவீர்கள். ஆயினும் எல்லாச் சான்றும் ஒரே திசையைக் காட்டுகிறது: காலம் தாழ்த்தாமல் மருந்து கொடுப்பதுதான் குழந்தைக்குக் காப்பு. அப்படியானால், களிம்பு தடவிக் கழிந்த என் எட்டு நாள்கள் யாருடைய கணக்கில் சேரும்?

அதனால் முதலில் வேண்டுவது இதுதான். உண்ணி உள்ள பகுதிகளில் ஒரு கர்ப்பிணி தோலில் படரும் சிவப்பு வட்டத்தோடு வந்தால், இரத்தப் பரிசோதனை முடிவுக்குக் காத்திருக்காதீர்கள். நோயின் தொடக்க வாரங்களில் கிருமியை எதிர்க்க உடல் உண்டாக்கும் எதிர்ப்பொருள்கள் போதிய அளவு உருவாகியிருக்காது என்பதால் சோதனை பெரும்பாலும் இல்லை என்றே சொல்லும். அந்த வட்டத்தைக் கண்ணால் பார்த்தே சிகிச்சையைத் தொடங்கலாம் என்பது உங்கள் நெறிமுறைகளே சொல்வது. கருவின் பற்களையும் எலும்புகளையும் பாதிக்கலாம் என்று இந்நோய்க்கு வழக்கமாகத் தரும் டாக்சிசைக்ளினைத் தவிர்ப்பது சரிதான். ஆனால் அந்த ஒரு மருந்து கூடாது என்பதற்காகக் கர்ப்பிணிக்கு மருந்தே கொடுக்கத் தயங்கும் வழக்கம் ஒழிய வேண்டும். அமாக்சிசிலின் இருக்கிறது, தேவைப்பட்டால் ஊசி வழியே செஃப்ட்ரியாக்சோன் இருக்கிறது.

இரண்டாவது, பிறந்த குழந்தையைப் பற்றியது. தாயின் ஐஜிஜி வகை எதிர்ப்பொருள்கள் நஞ்சுக்கொடி வழியாகக் குழந்தைக்குச் சென்று பல மாதங்கள் தங்குகின்றன. ஆகவே குழந்தையின் இரத்தத்தில் அவை இருப்பது தொற்றுக்குச் சான்றாகாது. ஐஜிஎம் வகை நஞ்சுக்கொடியைக் கடப்பதில்லை என்றாலும், அந்தச் சோதனை தவறாக உண்டு என்று காட்டுவதும் அடிக்கடி நடக்கிறது. கிருமியின் மரபணுவை இரத்தத்தில் தேடும் பிசிஆர் சோதனையோ பல நேரங்களில் இருப்பதையே தவறவிடுகிறது. பிறவி லைம் நோய் என்றால் இன்னின்ன அறிகுறிகள் என்று எல்லோரும் ஏற்ற வரையறையும் இதுவரை இல்லை. வரையறை இல்லாத நோயை எந்த மருத்துவர் பதிவு செய்வார்? பதிவாகாத நோய் அரிது என்றுதானே தோன்றும்?

என் மகள் பிறந்த அன்று, தொப்புள்கொடியை வெட்டியபின் செவிலியர் நஞ்சுக்கொடியை எஃகுத் தட்டில் வைத்து, முழுதாக வந்திருக்கிறதா என்று விளிம்பைச் சுற்றி விரலால் தடவிப் பார்த்துவிட்டு, மஞ்சள் பையில் போட்டுக் கட்டி எடுத்துச் சென்றார். அதைச் சோதிக்க முடியுமா என்று கேட்க எனக்கு அப்போது நாவெழவில்லை. என் கோப்பில் நோயின் பெயர் இருந்தது, தேதி இருந்தது, தந்த மருந்தின் அளவும் இருந்தது. அந்தப் பையைப் பத்து நிமிடம் நிறுத்தி வைத்து ஒரு துண்டை எடுத்திருந்தால், உங்கள் கேள்விக்கான விடையில் ஒரு துளியாவது கிடைத்திருக்கும்.

அமெரிக்க நோய்க் கட்டுப்பாட்டு மற்றும் தடுப்பு மையம் இப்போது, சிகிச்சை பெறாத லைம் நோய் நஞ்சுக்கொடியைத் தொற்றக் கூடும் என்றும், தாயிடமிருந்து கருவுக்குப் பரவுவது இயலக்கூடியதே ஆனால் அரிது என்றும் ஒப்புக்கொள்கிறது. தாய்ப்பால் வழியே பரவியதாகச் செய்தி இல்லை என்றும் சொல்கிறது. நேர்மையான சொற்கள், வரவேற்கிறேன். இங்கிலாந்தில் மருத்துவ நெறிமுறைகளை வகுக்கும் நைஸ் அமைப்பு 2018-இல் வெளியிட்ட நெறிமுறையும், குழந்தைக்குத் தொற்றுவதற்கான வாய்ப்பு குறைவு என்று தாய்க்குச் சொல்லி, மருந்தை முழுமையாக முடிக்க வலியுறுத்தச் சொல்கிறது. அமெரிக்காவில் மட்டும் ஆண்டுக்கு ஏறத்தாழ 4,76,000 பேர் லைம் நோய்க்குச் சிகிச்சை பெறுவதாக அந்த மையமே மதிப்பிட்டிருக்கிறது. அவர்களில் கர்ப்பிணிகளும் இருக்கத்தானே செய்வார்கள். அவர்களுடைய பிள்ளைகளைத் தேடிப் பார்த்துவிட்டுச் சொல்லும் அரிது வேறு, தேடாமலே சொல்லும் அரிது வேறு.

ஆகவே பேறுகாலத்தில் லைம் நோய் கண்ட ஒவ்வொரு பெண்ணுக்கும், அவர் விரும்பினால், ஒரு பதிவேட்டில் இடம் கொடுங்கள். எந்த மாதத்தில் நோய் வந்தது, எத்தனை நாள் தாமதமாக எந்த மருந்து தொடங்கியது என்பதை அதில் எழுதுங்கள். நஞ்சுக்கொடியையும் தொப்புள்கொடி இரத்தத்தையும் சேமித்துச் சோதியுங்கள். குழந்தை பிறந்தவுடன் கோப்பை மூடாமல், அது நடந்து, பேசி, பள்ளி செல்லும் வயது வரை ஆண்டுக்கு ஒரு முறை அழைத்துப் பாருங்கள். நோய் இல்லாத தாய்மாரின் குழந்தைகளையும் ஒப்பீட்டுக்காக அவ்வாறே பாருங்கள். அவற்றின் விடை நல்லதாக வந்தாலும் அதை வெளியிடுங்கள். அன்றிரவு மாத்திரைப் பட்டையைக் கையில் வைத்துக்கொண்டு வயிற்றில் அசைவு தெரிகிறதா என்று விடியும்வரை காத்துக் கிடந்த எனக்கு அந்த நல்ல செய்தியும் தேவைப்பட்டது.

என் மகளின் பிறப்புப் பதிவையும் என் சிகிச்சைக் குறிப்புகளையும் எடுத்து வைத்திருக்கிறேன். நீங்கள் கேட்கும் நாளில் தருவதற்கு நாங்கள் இருவரும் ஆயத்தமாக இருக்கிறோம்.

இப்படிக்கு,
பேறுகாலத்தில் லைம் நோய் கண்ட ஒரு தாய்