குடல் ஸ்கேனுக்கு முன் தரும் குறிப்புத் தாளை மாற்றி எழுதக் கோரும் மனு

பெறுநர்: மாகாண சுகாதாரத் துறைத் தலைவர் அவர்கள், க்வாசுலு-நட்டால், தென்னாப்பிரிக்கா
அனுப்புநர்: சாட்ஸ்வொர்த்தில் வசிக்கும் ஒரு நோயாளியின் குடும்பம், டர்பன்

மதிப்பிற்குரிய ஐயா, வணக்கம்.

சுற்றி வளைக்காமல் சொல்லிவிடுகிறேன். குடல் நோய் இருக்கலாம் என்று எம்ஆர்ஐ ஸ்கேனுக்கு எழுதித் தரும்போது கையில் ஒரு தாளும் கொடுக்கிறார்கள் இல்லையா, அந்தத் தாளை மாற்றி எழுத வேண்டும்.

என் அத்தைக்கு அறுபது தாண்டிவிட்டது, சர்க்கரை வியாதியும் உண்டு. தீராத வயிற்றுவலி, பேதி, உடம்பு இளைத்துக்கொண்டே போகிறது. தாளில் காலையில் எதுவும் சாப்பிடக் கூடாது, வழக்கமான மருந்துகளை ஒரு மடக்குத் தண்ணீரோடு எடுத்துக்கொள்ளலாம் என்று இருந்தது. அத்தை அதை எழுத்துக்கு எழுத்து அப்படியே செய்தார், சர்க்கரை மாத்திரையையும் போட்டுக்கொண்டு வெறும் வயிற்றோடு டாக்ஸி பிடித்துப் போய் வரிசையில் உட்கார்ந்தார். முறை வருவதற்குள் சர்க்கரை இறங்கி, வேர்த்து, கை நடுங்கிவிட்டது. ஒரு நர்ஸ் ஓடி வந்து சர்க்கரைத் தண்ணீரும் ரொட்டியும் கொடுத்துக் காப்பாற்றினார், அவர் நன்றாக இருக்கட்டும். ஆனால் சாப்பிட்டாயிற்று, அன்றைக்கு ஸ்கேன் கிடையாது. அடுத்த தேதி பல மாதம் தள்ளித்தான் கிடைத்தது.

பட்டினியாக வரும் சர்க்கரை நோயாளிக்கு எந்த மாத்திரையை நிறுத்த வேண்டும், இன்சுலினை எவ்வளவு குறைக்க வேண்டும் என்பதை டாக்டர் முன்கூட்டியே தனியாக எழுதித் தர வேண்டாமா? காலையில் முதல் ஆளாக அவர்களுக்கே ஸ்கேன் என்று வைத்தால் பாதிப் பிரச்சினை தீர்ந்துவிடும்.

தள்ளிப்போனால் என்ன என்று யாரும் கேட்கக் கூடாது. நம் நாட்டில் காசநோய் அதிகம். குடலில் வரும் காசநோயும், குடல் வெந்து வீங்கும் க்ரோன்ஸ் என்ற நோயும் பெரும்பாலும் சிறுகுடல் பெருங்குடலோடு சேரும் அதே இடத்தில்தான் வந்து உட்காருகின்றன, பார்க்கவும் ஒன்று போலவே இருக்கும். க்ரோன்ஸ் என்று நினைத்து ஸ்டீராய்டு கொடுத்து, உள்ளே இருப்பது காசநோயாக இருந்துவிட்டால், எதிர்ப்பு சக்தி குறைந்து அது பரவும். கீழிருந்து விடும் கேமரா சிறுகுடலின் கடைசிப் பகுதியை மட்டும்தான் எட்டும், அதற்கு மேலே பார்க்க இந்த ஸ்கேன் வேண்டும். ஸ்கேன் ஒன்றே முடிவு சொல்லிவிடாது, சதைத் துணுக்கு எடுத்தும் பார்ப்பார்கள், ஆனால் எல்லாமே அந்தத் தேதிக்காகத்தான் காத்துக் கிடக்கின்றன.

அடுத்தது சாப்பாடு. முந்தின நாள் லேசாகச் சாப்பிடுங்கள் என்கிறது தாள். புரட்டாசியில் எங்கள் வீடுகளில் லேசு என்றால் டால், கீரை, ஷுகர் பீன்ஸ் கறி, முட்டைக்கோஸ். அத்தனையும் நார்ச்சத்து, குடலில் சக்கையாகத் தங்கும். பக்கத்து வீட்டு சூலுக் குடும்பத்துக்கும் இதே கதைதான், மீலிஸ் என்கிற மக்காச்சோளமும் பீன்ஸும் அவர்களுக்கு அன்றாட உணவு. வெள்ளைச் சோறு, தெளிந்த ரசம், வெள்ளை ரொட்டி, தோல் நீக்கி வேகவைத்த உருளைக்கிழங்கு என்று பெயர் சொல்லி எழுதினால் யாருக்கும் குழப்பம் வராது. ஜெல்லி சாப்பிடலாம் என்று வேறு போட்டிருக்கிறார்கள். கடை ஜெல்லியில் இருப்பது ஜெலட்டின், மாட்டுத் தோல் எலும்பிலிருந்தோ பன்றியிலிருந்தோ எடுப்பது. விரதம் இருக்கிறவர் அதைத் தொடுவாரா?

அப்புறம் ஸ்கேனுக்கு முன் குடிக்கத் தரும் அந்தத் திரவம். மானிட்டால் என்ற இனிப்புப் பொருள் போன்றவற்றைக் கலந்து சுமார் ஒன்று முதல் ஒன்றரை லிட்டர் வரை, முக்கால் மணி முதல் ஒரு மணி நேரத்துக்குள் கொஞ்சம் கொஞ்சமாகக் குடிக்க வேண்டும். எதற்கு என்று தாளில் ஒரு வரி கூட இல்லை. குடல் நிரம்பி விரிந்தால்தான் அதன் சுவர் சரியாகத் தெரியும், சுருங்கிக் கிடந்தால் நல்ல குடலும் தடித்த குடல் போலப் படத்தில் விழும். இதைச் சொன்னால் தித்திப்பாக இருக்கிறது, குமட்டுகிறது என்று பாதியில் வைத்துவிடுகிறவர்களும் முழுதாகக் குடிப்பார்கள். குடித்த பின் பேதியாகும் என்பதையும் சொல்லுங்கள், காத்திருக்கும் இடத்துக்குப் பக்கத்திலேயே கழிவறை ஒதுக்குங்கள், இல்லாவிட்டால் மினிபஸ் டாக்ஸியில் வீடு திரும்பும் வயதானவர் என்ன பாடுபடுவார் என்று யோசித்துப் பாருங்கள். குடல் அசைவை நிறுத்தப் போடும் பஸ்கோபான் ஊசியைப் பற்றியும், கிளாக்கோமா என்கிற கண் அழுத்த நோய், இதயக் கோளாறு உள்ளவர்கள் முன்னமே சொல்ல வேண்டும் என்பதையும் சேர்க்க வேண்டும்.

ஒன்று விட்டுப்போச்சு, நகை. எம்ஆர்ஐ அறைக்குள் தாலிச் சங்கிலி, மூக்குத்தி, மெட்டி எதுவும் போகக் கூடாது. வாசலில் வைத்துத் தாலியைக் கழற்று என்றால் அத்தை வயதுப் பெண்கள் அழுதுவிடுவார்கள், முன்பே தெரிந்தால் மஞ்சள் கயிற்றில் வெறும் மஞ்சள் கிழங்கைக் கட்டிக்கொண்டு வருவார்கள்.

புதிதாக எதையும் கேட்கவில்லை ஐயா. 2003ஆம் ஆண்டு தேசிய சுகாதாரச் சட்டத்தின் 6ஆம் பிரிவு, முடிந்தவரை நோயாளிக்குப் புரியும் மொழியில், அவருடைய படிப்பறிவுக்கு ஏற்றபடி விளக்க வேண்டும் என்கிறது. எங்கள் பிள்ளைகளுக்கு ஆங்கிலமே வீட்டு மொழி ஆகிவிட்டது, உண்மைதான். அதனால் முதலில் எளிய ஆங்கிலத்திலும் சூலுவிலும் வரட்டும், தமிழ்ப் படியை நாங்களே எழுதித் தருகிறோம், உங்கள் டாக்டர் ஒருவர் சரிபார்த்தால் போதும். தேதிக்கு இரண்டு நாள் முன்னால் சர்க்கரை நோயாளிகளுக்கு ஒரு போன் செய்யவும் ஏற்பாடு செய்யுங்கள்.

இதன் ஆங்கிலப் படியையும், அத்தைக்குக் கொடுத்த தாளின் நகலையும் இணைத்திருக்கிறேன். அத்தையின் அடுத்த தேதிக்குள் பதில் வந்தால் நல்லது.

இப்படிக்கு,
சாட்ஸ்வொர்த் குடும்பத்தார்